தனிநாட்டுக்கு ஒரு சார்ஜ் கண்ட்ரோலர்

அன்று காலை டீ ஆறுவதற்குள் தனிநாடு கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

தப்பாக நினைக்காதீர்கள். விவாகரத்து இல்லை. அதற்கெல்லாம் வக்கீல் வேண்டும், அலைய வேண்டும், நம் பக்க நியாயத்தை நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்ல வேண்டும். என் பக்கம் நியாயமும் கிடையாது, எடுத்துச் சொல்லத் தெம்பும் கிடையாது. நான் கேட்டதெல்லாம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கூரை அறை. கீழ்வீடு முழுக்க என் மனைவிக்கு. அந்த அறை மட்டும் எனக்கு. மாடிப்படி எல்லைக்கோடு. இரு தரப்பும் தேவையில்லாமல் தாண்டக் கூடாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் எடைமேடை ஆபரேட்டர். அதாவது, இருந்தேன். லாரி வந்து மேடையில் ஏறும். கேபினுக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டு கொடுப்பேன். எவ்வளவு பெரிய லாரியாக இருந்தாலும் நான் கையைக் காட்டினால்தான் நகரும். இந்த உலகத்தில் என் பேச்சைக் கேட்டவை லாரிகள் மட்டும்தான். ஒரு நாள் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டார்கள். டிரைவர் அட்டையைக் காட்டினால் அதுவே எடை பார்க்கிறது, அதுவே சீட்டைத் துப்புகிறது. நடுவில் டீ குடிக்கப் போவதும் இல்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வழியனுப்பும்போது மாலை போடுவார்கள், கைக்கடிகாரம் கொடுப்பார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. "கேபினை இடிக்கப் போறோம். கூரை மேல இருக்கற சோலார் பேனலையும் பேட்டரியையும் வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர். எடுத்துக்கொண்டேன். கேபினில் என் தலைக்கு மேல் ஓடிய குட்டி ஃபேனையும், லைட்டையும் கழற்றிக்கொண்டேன். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்த சார்ஜ் கண்ட்ரோலர் மட்டும் எப்போதோ எரிந்து கருகிக் கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் என் நிலைமை அதைவிடக் கருகல். என் மனைவி தையல்காரி. முன்னறை முழுக்க மெஷினும் துணியும் நூல்கண்டும். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கக் கொடுக்கும் அம்மாக்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மூலையில் நான் உட்கார்ந்திருப்பேன். "சும்மாதானே இருக்கீங்க, இதுக்குக் காஜா போடுங்க" என்று மடியில் ஒரு சட்டை வந்து விழும். பட்டன் நுழைய ஓட்டை போட்டு, சுற்றி நூலால் கட்ட வேண்டும். எத்தனையோ லாரிகளை நிறுத்திய கை, சட்டையில் ஓட்டை போட்டது.

"சாருக்கு இன்னிக்கு லீவா?" என்பாள் வந்தவள்.

"ரெஸ்ட் எடுக்கறார்" என்பாள் என் மனைவி, அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். வெட்கம். வெட்கமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவும் வெட்கம். வெளியே பார்த்தால் வானமும் அப்படித்தான். மேகம் மூடிக்கொண்டு, பெய்யவும் பெய்யாமல், கலையவும் கலையாமல், ஒரே புழுக்கம். யார் கண்ணிலும் படாமல் எங்கேயாவது போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதற்குப் பிறகு என்ன என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தானே அந்த அறை!

"நான் மாடிக்குப் போறேன்" என்றேன்.

"போறதுதான் போறீங்க, துணி காஞ்சிருக்கான்னு பாத்துட்டு வாங்க."

"துணி பாக்கப் போகல. குடிபோறேன்."

மெஷின் நின்றது. அவள் மெஷினை அவ்வளவு சுலபத்தில் நிறுத்த மாட்டாள்.

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே அங்கதான்."

"சாப்பாடு?"

"அதைப் பத்திப் பேச்சுவார்த்தை வெச்சுக்கலாம்."

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்து நான் இரண்டு வசனம் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை.

"அங்க கரண்டே கிடையாதேங்க. ஜன்னல்னு பேருக்கு ஒரு ஓட்டை. தகரத்துக்கு அடியில வெந்துபோயிடுவீங்க."

"என் பேனல் இருக்கு. என் பேட்டரி இருக்கு. என் ஃபேன் இருக்கு."

"நடுவுல ஒண்ணு இருக்குமே, எரிஞ்சுபோச்சுன்னீங்களே?"

"சார்ஜ் கண்ட்ரோலர். புதுசா வாங்குவேன். நானே பாத்து வாங்குவேன். இதுல நீ மூக்கை நுழைக்கக் கூடாது, ஆமா!"

"ஐயோ, அதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு பெருமை சொல்லிக்கொள்கிறேன். என்னிடம் பெருமைக்கு உள்ளது அது ஒன்றுதான். பொருள் வாங்குவதில் நான் ஏமாந்ததே கிடையாது. கடையில் அவள் ஒன்றைக் காட்டுவாள். நான் இன்னொன்றை எடுப்பேன். சிவப்பு வாளி என்றாள், நீல வாளி எடுத்தேன். இன்றுவரை பிடி கழலவில்லை. அந்த அயர்ன் பாக்ஸ் வேண்டாம் என்றாள், அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்றும் வீட்டில் அதுதான் தேய்க்கிறது. அவள் தைக்கிற மெஷின்கூட, "இது கனமா இருக்கு, வேணாம்" என்று அவள் முகத்தைச் சுளித்த மெஷின். நான்தான் விடாப்பிடியாக நின்று வாங்கினேன். ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னால் வருவாள், பாவம்.

கல்யாணமே அப்படித்தான். பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு அவள் அப்பாவின் லாரி எடைமேடைக்கு வரும். ஒரு நாள் அவளும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆள் இருந்தால் எடை கூடும், இறங்கச் சொன்னேன். இறங்க மாட்டேன் என்றாள். இறக்கிவிட்டுத்தான் எடை பார்த்தேன். பிறகு அடிக்கடி வந்தாள். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "உங்களுக்கு நான் சரிப்பட மாட்டேங்க, வேற ஆளைப் பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். விடுவேனா? அடுத்த வாரமே என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அது என் முதல் வெற்றி.

எனவே கண்ட்ரோலர் விஷயத்தில் நான் அவசரப்படவில்லை. ஆராய்ச்சியில் இறங்கினேன். கம்பெனி கொடுத்த போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் என்னிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் அவள் போனை வாங்கி வீடியோ பார்த்தேன். மெஷின் சத்தத்தில் காது கேட்காது. அதனால் சத்தத்தை முழுசாக வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை முன்னறையில் கண்ட்ரோலர் பேச்சுதான். அவள் தைத்துக்கொண்டே இருப்பாள்.

சார்ஜ் கண்ட்ரோலர் என்றால் வேறொன்றுமில்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கிற ஆள். வெயில் அடித்தால் அளவாக உள்ளே விடுவான். பேட்டரி நிறைந்துவிட்டால் "போதும், நில்" என்பான். பேட்டரி காலியாகப் போகிறது என்றால் லைட்டையும் ஃபேனையும் துண்டித்துவிடுவான். அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அது நான் பார்த்த வேலை.

அந்த ஆளில் இரண்டு வகை. பி.டபிள்யூ.எம். என்று ஒன்று. சாதாரணமானது. பேட்டரிக்கு வேண்டியதை விட பேனல் கொஞ்சம் அதிக வோல்ட் கொடுக்கும். அந்த அதிகத்தை இது வீணாக விட்டுவிடும். எம்.பி.பி.டி. என்று இன்னொன்று. அது வீணாகப் போவதையும் மாற்றி பேட்டரிக்குள் அனுப்பும். இதை மனைவிக்கு விளக்க நான் திணறிக்கொண்டிருந்தேன்.

"அதாவதுங்க," என்றாள் அவள், வாயில் குண்டூசியோடு, "ஒரு டெய்லர் சட்டைக்கு வெட்டினதுபோக மிச்சத் துணியைக் குப்பையில போடறான். இன்னொரு டெய்லர் அதை ஒட்டுப்போட்டுப் பாக்கெட் தெச்சுடறான். அதானே?"

"கிட்டத்தட்ட" என்றேன். அதேதான். ஆனால் ஒத்துக்கொண்டால் என்ன ஆவது?

"அப்ப உங்களுக்கு முதல் ஆளே போதும். ஒரு லைட்டு, ஒரு ஃபேன். உங்க பேனலே சின்ன பேனல். அதுல என்ன பெருசா மிச்சம் விழப்போகுது?"

சரியான பேச்சு. அதனால்தான் எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். அலங்கார மீன் வளர்த்து விற்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மீன்தொட்டி. கரண்ட் போனால் தொட்டியில் காற்று பம்ப் நின்றுவிடும் என்று அவரும் சோலார் வைத்திருந்தார். சாவைத் தவிர வேறு எதையும் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எம்.பி.பி.டி.தான் சார்" என்றார். "முன்னாடி நான் சாதாரணம்தான் வெச்சிருந்தேன். இதே மாதிரி ஒரு மேகமூட்டம். காலைல எழுந்து பாக்கறேன், ஒரு தொட்டி மொத்தமும் மிதக்குது."

"எம்.பி.பி.டி. வெச்சா மேகத்துலயும் சார்ஜ் ஏறுமா?"

"கொஞ்சூண்டு கூட ஏறும். வெயிலே இல்லாம எதுவும் ஏறாது. ஏதோ நம்ம மனசு திருப்திக்கு."

"நான் மீன் இல்லையே. சாதாரணமே போதும்னு வீட்ல சொல்றா."

"ஃபேன் நின்னா எல்லாரும் மீன்தான் சார்."

அது என் மனதில் தைத்துவிட்டது. எலக்ட்ரிக்கல் கடைக்குக் கிளம்பினேன். "நூல் வாங்கணும்" என்று அவளும் கூடவே வந்தாள். மூக்கை நுழைக்கக் கூடாது என்று வழியிலேயே நினைவூட்டினேன். தலையை ஆட்டினாள்.

கடையில் பெரிதாக ஒரு பலகை. பில் இல்லாமல் பொருள் மாற்றித் தரப்பட மாட்டாது. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது பி.டபிள்யூ.எம். உங்க பேனலுக்குத் தாராளமாப் போதும். இது எம்.பி.பி.டி., முன்னால ஸ்கிரீன், பட்டன் எல்லாம் இருக்கு. இதுவும் எம்.பி.பி.டி.தான். ஆனா ஸ்கிரீன் கிடையாது, பட்டன் கிடையாது. எல்லாம் புளூடூத். போன்லயே பாத்துக்கலாம், போன்லயே போட்டுக்கலாம், நிறுத்திக்கலாம்."

"முதல் பெட்டியையே எடுத்துக்கலாங்க" என்றாள் மனைவி.

"உன்னைக் கேட்டேனா?"

"சரி, எம்.பி.பி.டி.தான் வேணும்னா அந்த ரெண்டாவது. பட்டனாவது இருக்கு. அந்த மூணாவது மட்டும் வேணவே வேணாம். பட்டன் இல்லாத பொருளை யாராவது வாங்குவாங்களா? அதெல்லாம் சின்னப் பசங்க வெச்சுக்கறது. உங்களுக்கு ஒத்து வராது."

"எனக்கு ஒத்து வராதா?"

"கோவிச்சுக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கடைக்காரர் முன்னால் இப்படிச் சொன்னால் எந்த மனுஷன் பொறுப்பான்? "பட்டனை அமுக்கி அமுக்கியே என் ஆயுசு போச்சு. இனிமே பட்டனே வேணாம். அந்த மூணாவதைக் கட்டுங்க!" என்றேன்.

"சார் போன்ல புளூடூத் இருக்கில்ல?" என்று இழுத்தார் கடைக்காரர்.

சட்டைப்பையில் பட்டன் போன் கனத்தது. அதைக் கையால் மூடிக்கொண்டு, "போன் இல்லாத வீடு எங்க இருக்கு?" என்றேன்.

மனைவி பெருமூச்சு விட்டாள். நீளமான பெருமூச்சு. "நான் சொன்னா எங்க கேக்கறீங்க" என்றாள். ரொம்ப நாளுக்குப் பிறகு என் கைக்குக் கட்டுப்பட்டு ஒரு லாரி நின்றது போல இருந்தது. வீடு வரும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அவளை நூல் வாங்கவும் விடவில்லை. அவளும் அதற்கப்புறம் நூலைப் பற்றிப் பேசவில்லை.

மீன்தொட்டி வந்து கூடமாட இருந்தார். முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் ஃபேனும் லைட்டும். மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் காலி என்று வீடியோவில் சொல்லியிருந்தான். நான் சரியாகச் செய்தேன். பிறகுதான் போன் தேவைப்பட்டது. மனைவி தன் போனை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"இந்தாங்க, நீங்களே பண்ணுங்க."

நான் தடவினேன். அது எங்கெங்கோ போயிற்று. ஒரு முறை மீன்தொட்டிக்கு போன் போய், பக்கத்தில் நின்றவரின் பாக்கெட்டில் மணி அடித்தது.

"குடுங்க. எனக்கும் ஒண்ணும் தெரியாது, சும்மா பாக்கறேன்" என்று வாங்கினாள். "ஏங்க, தண்ணி ஊத்தற பேட்டரியா, லித்தியமான்னு கேக்குது. தண்ணி ஊத்தறதுன்னு போடட்டா?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"ரகசிய நம்பர் ஒண்ணு வெக்கச் சொல்லுது."

"எதையாவது போடு. அதெல்லாம் சின்ன விஷயம்."

ஃபேன் கடகடவென்று சுற்றியது. கேபினில் சுற்றிய அதே சத்தம். தலையணையை எடுத்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்தேன். சுதந்திரம்! சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வெளியே சாம்பல் வானம், உள்ளே நான். ஆனால் என்னை யாரும் பார்க்கவில்லை. அது போதும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மதியம் ஃபேன் நின்றது. புழுக்கம் தாங்காமல் கீழே இறங்கினேன்.

"மேகம் பாருங்க, சார்ஜ் இறங்கியிருக்கும்" என்றாள். "வந்தது வந்தீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. தட்டு வெச்சாச்சு."

சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அடடா, என்ன அறிவு இந்தக் கண்ட்ரோலருக்கு! கொஞ்சம் ஓய்வு கொடுத்து, பேட்டரியைத் தேற்றி, மறுபடி ஓட்டுகிறது. சாதாரணத்தை வாங்கியிருந்தால் இதெல்லாம் நடக்குமா? அவள் பேச்சைக் கேட்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

சாயங்காலம் மறுபடி நின்றது. இறங்கினேன். "காத்தாட இப்படி உக்காருங்க. கை சும்மாதானே இருக்கு?" என்று நாலு சட்டை மடியில் விழுந்தது. காஜா போட்டுவிட்டு மேலே போனால் ஃபேன் ஓடுகிறது.

தினமும் இதே கதைதான். திரைச்சீலை மாட்ட ஆள் வேண்டும் என்கிறபோது ஃபேன் நிற்கும். அளவு எழுத இன்னொரு கை வேண்டும் என்கிறபோது நிற்கும். டீ போடுகிற நேரத்தில் தவறாமல் நிற்கும். கீழே இரண்டு டம்ளர் இருக்கும். "உங்களுக்குன்னு போடல, கொஞ்சம் கூடிப்போச்சு" என்பாள். இருவரும் குடிப்போம்.

எனக்குச் சலிப்பாகிவிட்டது. தனிநாட்டில் இருந்ததை விட எல்லையைக் கடந்ததுதான் அதிகம். ஃபேன் வயரை நேராக பேட்டரியிலேயே மாட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் தடுக்க ஆள் இல்லாவிட்டால் ஃபேன் பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிடும். அது செத்துப்போகும். அத்தனை வருஷ வேலையில் என்னோடு வீட்டுக்கு வந்த நாலு பொருளில் அதுவும் ஒன்று. மனசு கேட்கவில்லை. மீன்தொட்டியைக் கூப்பிட்டேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தார். "பேட்டரி நிறைஞ்சு இருக்கு சார்."

"அப்ப ஏன் நிக்குது?"

"நிக்கல. யாரோ நிறுத்தியிருக்காங்க."

"மேல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"நீங்க நிறுத்தினீங்களா?"

"இல்லை."

"கீழ யாரு இருக்கா?"

கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் மீட்டரைச் சுருட்டினார். "தொட்டிக்குத் தண்ணி மாத்தணும், நான் வரேன்" என்று வேகமாகப் போய்விட்டார்.

அடுத்த நாள் டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஃபேனை ஓடவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக முன்னறை தெரியும். மேலே ஃபேன் கடகடவென்று ஓடுவது நன்றாகக் கேட்டது. அவள் தையலை நிறுத்தினாள். உள்ளே போய் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். போனை எடுத்தாள். ஒரு அமுக்கு அமுக்கினாள்.

கடகட நின்றது.

என் ரத்தம் கொதித்தது. இப்போதே பாய்ந்து கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எழுந்தேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தைத் தூக்கி மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நான்தான் படியில் நிற்கிறேனே, மேலே எப்படிச் சத்தம் கேட்கும்? அவள் போனைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். டம்ளர் தட்டி டீ கொட்டியதைக்கூடப் பார்க்காமல், துணியை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். படியில் என் மேல் மோதிக்கொண்டாள்.

"ஏங்க... ஏன் இறங்கல? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல. இங்கதான் இருக்கேன்."

என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. நான் தயாரித்து வைத்திருந்த வசனமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீதான் நிறுத்தறியா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா."

"எதுக்கு?"

"எதுக்கா? கதவைச் சாத்திக்கிட்டு சுவரைப் பாத்துப் படுத்துக்கறீங்க. விட்டா நீங்க இறங்கியே வர மாட்டீங்க. மேல போக வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, சண்டை போட்டுக்கிட்டு வேற எங்கயாவது போயிருப்பீங்க. அதான் போகட்டும்னு விட்டேன். கூப்பிட்டா நீங்க வர மாட்டீங்க. ஃபேன் நின்னா வருவீங்க. எனக்குப் பயமா இருந்துச்சுங்க. தினமும் பயந்துக்கிட்டேதான் அதை அமுக்கினேன்."

அவள் கையைப் பிடித்துப் படியிறங்கினேன். முன்னறைக்கு வந்து உட்கார்ந்தோம். கொட்டியது போக மிச்சமிருந்த டீயை இரண்டாகப் பிரித்து ஊற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல ஊசியில் நூல் கோர்த்தாள். எனக்குப் பாதி டீயில்தான் அது உறைத்தது.

"இரு. கடையில மூணாவது பெட்டி வேணவே வேணாம்னு சொன்னது நீதானே?"

"ஆமா."

"அதுல போன்லயே நிறுத்தலாம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காது கிழிய வீடியோ போட்டீங்களே. எனக்குத் தெரியாம மீன்தொட்டிக்காரருக்கா தெரியும்?"

"அப்ப எதுக்கு வேணாம்னு சொன்னே?"

அவள் என்னைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எனக்கு மெதுவாக விளங்கத் தொடங்கியது.

"நீல வாளி?" என்றேன்.

"எனக்கு நீலம்தான் பிடிக்கும்."

"அயர்ன் பாக்ஸ்?"

"அது ரொம்ப நாளா ஆசைப்பட்டது."

"இந்த மெஷின்? கனமா இருக்குன்னு முகத்தைச் சுளிச்சியே!"

"கனமா இருந்தாத்தாங்க ஆடாம தெக்கும்" என்று மெஷினை ஒரு தட்டு தட்டினாள்.

என் வாழ்க்கையில் நான் வாங்கிய பொருள் ஒவ்வொன்றாக எடைமேடையில் ஏறி, அவள் பேரில் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போயிற்று. மேடையில் கடைசியாக ஒன்று பாக்கி நின்றது. அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"அன்னிக்கு எடைமேடையில... நான் உங்களுக்குச் சரிப்பட மாட்டேன், வேற ஆளைப் பாருங்கன்னு சொன்னியே?"

"இறங்க மாட்டேன்னு சொன்னவளை இறக்கியே தீருவேன்னு நின்ன ஆளு நீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. சரின்னு சொல்லியிருந்தா நீங்க அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க."

"அப்ப நான்..."

"நான் பாத்துப் பாத்து எடுத்ததுலயே முதல்ல எடுத்தது நீங்கதான்" என்றாள், ஒரு சட்டையை எடுத்து என் மடியில் போட்டபடியே. "என்ன, அடிக்கடி மக்கர் பண்ணுது. பில்லு இல்ல, மாத்திக்கவும் முடியல."